கேட்ட இடத்தில் ஒரு முளை

ஏரலில் சிவசைலம் என்று ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. மோட்டார், பம்புசெட்டு, மருந்தடிக்கிற கருவி இவற்றோடு பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வருமே, அதைத் தமிழில் எழுதுகிறவர். அதை யாரும் வாசிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு திருகாணிக்கு எந்தப் பெயர் பொருத்தம் என்று மூன்று நாள் யோசிக்கிற ஆள்.

அவர் எழுதுவது ஒரு பழைய எடிட்டரில். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் தெரியும், அவ்வளவுதான் அதன் அழகு. ஆனால் வேண்டியவர்கள் வேண்டியதை எழுதி அதோடு சேர்த்துக்கொள்ளலாம். சிவசைலமும் ஒன்று சேர்த்திருந்தார். ஒரு பத்தியை எழுதி முடித்து ஒரு பொத்தானைத் தட்டினால், அந்தப் பத்தி சரிபார்க்கும் நிரலுக்குப் போகும். இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதிய எல்லாப் புத்தகங்களோடும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். எங்காவது சொல் மாறியிருந்தால் திருத்தி, பத்தியைத் திருப்பிக் கொடுக்கும். இதற்கு இரண்டரை நிமிடம் ஆகும்.

அந்த இரண்டரை நிமிடமும் எடிட்டர் செத்துக் கிடக்கும். எழுத்து விழாது. கர்சர் இமைக்காது. சிவசைலம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மனைவி உலகம்மாள் வீட்டில் இருந்தவரை இது ஒரு பொருட்டாகவே இல்லை. அடுப்படியில் ஏதாவது உருண்டுகொண்டிருக்கும். அவள் கோவில்பட்டியில் அக்கா வீட்டோடு போய் மூன்று வருடமாகிவிட்டது. இப்போது அந்த இரண்டரை நிமிடத்தில் வீடு கேட்கும். மின்விசிறி கேட்கும். பின்கட்டில் குழாய் சொட்டுவது கேட்கும். ஒரு நாளைக்கு நாற்பது பத்தி எழுதுவார். நாற்பது தடவையும் தான் தனியாள் என்பது அவருக்கு உறைக்கும்.

ஒருநாள் காலை, கதவைப் பூட்டிவிட்டுத் தூத்துக்குடி பஸ் ஏறினார்.

தூத்துக்குடியில், பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருவில், ஒரு மாடி வீட்டில் ஜெசிந்தா டீச்சர் இருந்தார். முப்பத்துநாலு வயது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவரில்லை. அந்த எடிட்டரில், வேலைகளை வெளியே அனுப்பித் திரும்ப வாங்குகிற பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ ஆட்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள், இவர் வீட்டில் இருந்தபடியே தீர்த்துவைப்பார். யாரோ ஒருவர் டீச்சர் என்று ஆரம்பிக்க, அதுவே பெயராகிவிட்டது. அவரிடம் ஒரு வம்பு உண்டு. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

சிவசைலம் படியேறி வாசலில் நின்று கூப்பிட்டார்.

"டீச்சர்."

"கேட்டுச்சு அண்ணாச்சி. உக்காருங்க. நாலு வரி இருக்கு, வாரேன்."

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். சிவசைலம் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவில் ஒரு மீன்காரம்மாள் நின்று குரல் கொடுத்தாள்.

"டீச்சர், நெத்திலி இருக்கு."

"கேட்டுச்சும்மா. கீழ வாரேன்."

மீன்காரம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரியிடம் கதை பேசத் தொடங்கினாள். நல்ல பழக்கம்தான், ஆனால் 'கேட்டுச்சு' என்று சொல்ல டீச்சர் எதற்கு இத்தனை தடவை வாயைத் திறக்க வேண்டும் என்று சிவசைலத்துக்குத் தோன்றியது.

டீச்சர் நாலு வரியை முடித்தார். கீழே போய் நெத்திலி வாங்கி வந்தார். பிறகு சிவசைலத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஒரு வேலைய அனுப்புனா அது முடியுத வரைக்கும் எடிட்டர் உறைஞ்சு போயிருது. நானும் கூட உறைஞ்சு போறேன். இதுக்கு ஒரு வழி சொல்லணும்."

"வேலை சீக்கிரம் முடியணுமா?"

"அது இல்ல டீச்சர்."

"பின்ன?"

"சும்மா உக்காந்திருக்க முடியல."

டீச்சர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய் ஒரு பருத்திச் சேலையை மடித்து எடுத்து வந்தார்.

"தெருமுனையில இஸ்திரி வண்டி நிக்கும். இதக் குடுத்துட்டு வாங்க."

சிவசைலம் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, இஸ்திரி போட்ட சேலையோடு வந்து நின்றார். டீச்சர் அதற்குள் நெத்திலியைக் குழம்பு வைத்து, சோறும் வடித்துவிட்டிருந்தார்.

"இவ்வளவு நேரம் எங்க இருந்திய?"

"வண்டிப் பக்கத்துலதான் நின்னேன். முன்னால பத்து உருப்படி கெடந்துச்சு."

"நிக்கச் சொன்னாரா?"

"போயிட்டு வாங்கன்னுதான் சொன்னாரு."

"பின்ன?"

"போயிட்டா மறந்துருவமோன்னு."

"அவரா, நீங்களா?"

சிவசைலம் சேலையை நீட்டினார்.

"நான் குடுத்துட்டு வரத்தான் சொன்னேன் அண்ணாச்சி. வாங்கிட்டு வரச் சொல்லல. சாப்பிடுங்க."

சாப்பாடு முடிந்ததும் இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதினேழு வரி எழுதினார்கள். பத்தியை அனுப்பும்போதே, முடிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், வந்த பதிலை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் கூடவே சொல்லி அனுப்பிவிடுவது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பாமல் தன் வேலையைப் பார்ப்பது. இவ்வளவுதான் அந்தப் பதினேழு வரியும்.

அதற்குப் பிறகு பத்து நாள் சிவசைலம் சந்தோஷமாக இருந்தார். பொத்தானைத் தட்டுவார். பத்தி போய்விடும். எடிட்டர் அவரோடேயே இருக்கும். அடுத்த பத்தியை எழுதுவார், அல்லது மேலே போய் முந்தியதைத் திருத்துவார். பதில் எப்போது வந்தது என்றே தெரியாது, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். குழாய் சொட்டுகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. எப்போதாவது தெரிந்தாலும் உடனே இன்னொரு வரி எழுதிவிடுவார்.

பதினோராம் நாள், ஆழ்குழாய் மோட்டார் ஒன்றுக்கான புத்தகம் முடிந்தது. அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருதடவை வாய்விட்டு வாசிப்பது அவர் வழக்கம். கேட்க ஆளில்லாத வீட்டில் நடந்துகொண்டே வாசித்தார். ஆறாம் பக்கம் வந்தது. வடிகட்டியை எப்படிக் கழுவுவது என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியும் வடிகட்டியை எப்படிக் கழுவுவது என்றே இருந்தது. அச்சு அசலாக அதே பத்தி.

நின்றுவிட்டார். இந்தப் பக்கத்தில் இன்னொன்று இருக்க வேண்டுமே. 'மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்கவும்.' அவரே கையால் எழுதியது. தேடிப் பார்த்தார், புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

நடந்தது என்ன என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வடிகட்டிப் பத்தி அந்தப் பக்கத்தில் நாலாவது. அதைச் சரிபார்க்க அனுப்பினார். பதில் வருவதற்குள் சும்மா இருக்க முடியாமல், அதற்கு மேலே அந்த எச்சரிக்கையைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். எச்சரிக்கை நாலாவதாயிற்று, வடிகட்டி ஐந்தாவதாக இறங்கியது. பதில் வந்தது. நாலாவது பத்தியில் போய் உட்கார் என்று சொல்லித்தானே அனுப்பியிருந்தார், சொன்ன சொல் தவறாமல் எச்சரிக்கையை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டது.

யாரும் வாசிக்காத புத்தகம்தான். ஆனால் ஆயிரத்தில் ஒருவன் வாசிப்பான். வாசித்துவிட்டு, கரண்டு ஓடும்போதே மூடிக்குள் கையை விடுவான். எச்சரிக்கையை மறுபடி எழுதிச் சேர்த்துவிட்டு, புத்தகத்தை அனுப்பாமல் வைத்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினார்.

"டீச்சர்."

"கேட்டுச்சு அண்ணாச்சி. வாங்க."

இந்தத் தடவை டீச்சர் உடனே எழுந்து வந்தார். அவர் கூப்பிட்ட குரல் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"பதில் வந்துச்சு டீச்சர். ஆனா வேற எடத்துல விழுந்துருச்சு."

நடந்ததையெல்லாம் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எங்க வைக்கச் சொல்லி அனுப்புனிய?"

"நாலாவது பத்தியில."

"அனுப்பும்போது அது நாலாவது."

"ஆமா."

"வரும்போது?"

"அஞ்சாவது ஆயிருச்சு. பஸ்ஸுல வரும்போது ஒண்ணு யோசிச்சேன் டீச்சர். பதில் வர வரைக்கும் பக்கத்தப் பூட்டிப்போட்டா என்ன? யாரும் தொட முடியாதுல்லா."

"யாரு தொடுவா? நீங்க ஒருத்தர்தான வீட்டுல."

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"பூட்டிட்டு என்ன செய்விய?"

"உக்காந்திருப்பேன்."

"அது முடியலன்னுதான மொதல்ல வந்திய."

"அப்ப இப்படிச் செய்யலாமா? அனுப்புனதுக்குப் பொறவு ஒரு எழுத்து மாறியிருந்தாலும், வந்த பதிலத் தூக்கிப் போட்டுறலாம்."

"நீங்க என்னைக்கு ஒரு எழுத்தும் மாத்தாம உக்காந்திருப்பிய? வர பதிலு எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்."

சிவசைலத்திடம் மூன்றாவது யோசனை இல்லை. டீச்சர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் இரண்டு கிடங்குகளுக்கு நடுவே கொஞ்சம் கடல் தெரியும்.

"எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காக. தெரியும்லா?"

"சொல்லியிருக்கிய."

"ஒன்பது மாசம் கடலு, மூணு மாசம் வீடு. கடல்ல இருக்கும்போது எழுதுனா பதில் உடனே வராது. அங்க சிக்னல் கெடைக்கும்போது வரும். முந்தினது பிந்தி வரும், பிந்தினது முந்தி வரும்."

"ம்."

"ரெண்டு வருஷத்துக்கு மின்ன, ஒரு திங்கக்கிழமை, கடலு எப்படி இருக்குன்னு கேட்டு எழுதுனேன். புதன்கிழமை எங்க அப்பா தவறிட்டாக. அதையும் எழுதுனேன். வியாழக்கிழமை மாதா கோயில்ல அடக்கப் பூசை நடக்கு. அப்பா பெட்டி முன்னால இருக்கு. போன் அதிருது. எடுத்துப் பாத்தா அவுகதான்."

"என்ன எழுதியிருந்தாக?"

"கடலு கண்ணாடி மாதிரி கெடக்கு, ரொம்ப சந்தோசமா இருக்கு, மாமாட்ட சொல்லுன்னு."

டீச்சர் கடலைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"பக்கத்துல நின்ன எங்க சித்தி அத வாசிச்சுட்டாக. என்ன மனுசன்டி இவன்னு கேட்டாக."

"உங்களுக்குக் கோவம் வரலையா?"

"அது திங்கக்கிழமைக்கு வந்த பதில் அண்ணாச்சி. திங்கக்கிழமை எங்க அப்பா உசுரோட இருந்தாக. அங்க கொண்டுபோய் வச்சு வாசிச்சேன்."

"வாசிச்சு?"

"நல்லா அழுதேன்."

பிறகு டீச்சர் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினார்.

பத்தியை எண்ணி அனுப்பக் கூடாது என்றார். எண் மாறிக்கொண்டே இருக்கும். அனுப்பும் நொடியில் அந்தப் பத்தியிலேயே ஒரு முளை அடித்துவிட வேண்டும், மாடு கட்ட அடிக்கிற முளைக்குச்சி மாதிரி, ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. மேலே எத்தனை பத்தி சேர்ந்தாலும், எத்தனை போனாலும், முளை தன் பத்தியோடு நகரும். பதில் வரும்போது எண்ணைத் தேடாது, முளையைத் தேடி வரும். எடிட்டரில் இதற்கு வழி இருக்கிறது, சிவசைலத்துக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

பழைய பதினேழு வரியில் நான்கை மாற்றினார்கள். சிவசைலம் சோதித்துப் பார்த்தார். ஒரு பத்தியை அனுப்பினார். அதற்கு மேலே மூன்று பத்தி எழுதினார். பதில் வந்து, ஆடாமல் அசையாமல், தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தார். அப்போதும் சரியாக வந்தது. கிளம்ப வேண்டியவர்தான். கிளம்பவில்லை.

"டீச்சர்."

"கேட்டுச்சு."

"பதில் வர்றதுக்குள்ள அந்தப் பத்தியையே அழிச்சிருந்தா?"

"முளையும் அதோட போயிரும்."

"அப்ப வந்த பதிலு?"

டீச்சர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"இது பம்புசெட்டுக்குக் கேக்கிறதா அண்ணாச்சி?"

சிவசைலம் வெகுநேரம் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். அதுதான் அவர் குடும்பத்தைத் தின்ற வியாதி.

உலகம்மாள் கூட இருந்த காலத்தில், செவ்வாய்க்கிழமை அவள், "அக்கா குத்தாலத்துக்குக் கூப்பிடுதா, போவமா?" என்று கேட்பாள். சிவசைலம் யோசிக்க ஆரம்பிப்பார். கேட்டது என்றும் சொல்ல மாட்டார், கேட்கவில்லை என்றும் சொல்ல மாட்டார். பஸ், சீசன், வேலை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, சரியான பதிலைக் கண்டுபிடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். அது வெள்ளிக்கிழமையாக இருக்கும். உலகம்மாள் பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். இவர் வாசலில் வந்து நின்று, "போவோம்" என்பார். எங்கே என்று அவளுக்கு விளங்காது. விளங்கும்போது அக்கா குற்றாலம் போய்த் திரும்பியிருப்பாள்.

இப்படி இருபத்தெட்டு வருடம் அவள் குடும்பம் நடத்தினாள். போகும்போது சண்டைகூடப் போடவில்லை. "கெணத்துக்குள்ள கல்லப் போட்டாக்கூட ஒரு சத்தம் கேக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கும் அவர் யோசித்துக்கொண்டுதான் நின்றார். பதிலைக் கண்டுபிடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

இதையெல்லாம் அவர் டீச்சரிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசியில் நிறுத்தினார்.

"போன ஆவணியில அவ ஒரு மெசேஜ் அனுப்புனா டீச்சர்."

"என்னன்னு?"

"நான் அங்க வந்திரட்டுமான்னு."

"நீங்க?"

"யோசிச்சேன்."

"எவ்வளவு நாளா?"

"பதினோரு மாசம் ஆச்சு."

சிவசைலமே தொடர்ந்தார்.

"சும்மா வான்னு சொல்லிட்டா போதுமா டீச்சர்? வந்து பழையபடி ஆயிருச்சுன்னா? நான் மாறுவேன்னு சொல்லணும். எப்படி மாறுவேன்னு சொல்லணும். மொதல்ல நாலு பக்கம் எழுதுனேன். பொய் மாதிரி இருந்துச்சு. குறைச்சேன். தெனமும் எடுத்துப் பாப்பேன். ஒவ்வொரு சொல்லா எடுத்தேன். இப்ப ஒரே சொல்லுல நிக்கு."

"என்ன சொல்லு?"

"வா."

ஒரே ஓர் எழுத்து. அதற்குப் பதினோரு மாதம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த மனிதர் பதினோரு மாதமும் நாளுக்கு நாற்பது தடவை அந்த வீட்டின் அமைதியைக் கேட்டுக்கொண்டு, அவள் வர வேண்டும் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவள் வேண்டும். அதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

"கேட்டுச்சுன்னாவது சொன்னியளா?" என்றார் டீச்சர்.

"இல்ல."

"நீங்க யோசிக்கிறது அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

சிவசைலம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடத்தில் இந்தக் கேள்வி ஒருதடவைகூட அவருக்குத் தோன்றியதில்லை.

"இப்ப அனுப்பட்டுமா டீச்சர்?"

"அனுப்புனா எங்க போய் விழும்?"

"தெரியல."

"பாத்துட்டுப் போடுங்க."

"எப்படிப் பாக்க?"

டீச்சர் திரையின் பக்கம் திரும்பித் தன் வேலையைத் தொடங்கிவிட்டார். விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. இனி அவரிடமிருந்து ஒன்றும் பெயராது என்று சிவசைலத்துக்குத் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். அவள் எண்ணை அழுத்தும்போது கட்டைவிரல் வழுக்கியது.

போனில் பேசுவது அவருக்குச் சரியாகப் பிடிபடாது. சத்தத்தைக் கூட்டியே வைத்திருப்பார். மணி அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. நாலாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க."

பின்னால் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நாந்தான்."

"தெரியுது. சொல்லுங்க."

"நீ ஒண்ணு கேட்டிருந்தேல்லா."

"எப்ப?"

"போன ஆவணியில."

மெஷின் சத்தம் நின்றது.

"அதுவா."

"ம்."

"அது அப்பக் கேட்டது. அக்கா மருமகளுக்கும் எனக்கும் மனத்தாங்கல். இங்க இருக்கவே புடிக்கல. கேட்டுட்டு ஒரு மாசம் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். குளிக்கப் போனாக்கூட எடுத்துட்டுப் போனேன். பொறவு பாக்கல."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று சிவசைலத்துக்குப் பட்டது.

"இப்ப இங்க பதினாறு பொம்பளைக தையல் படிக்க வாராக. எட்டு மணிக்கெல்லாம் வந்து வாசல்ல நிக்காக. நல்லாத்தான் இருக்கேன். அந்தக் கேள்விய விடுங்க. அது இப்ப இல்ல."

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. நீளமாக ஊதி அடங்கியது.

"அது என்ன சத்தம்? நீங்க எங்க இருக்கிய?"

அவள் கேட்டது சிவசைலத்தின் காதில் விழவே இல்லை. அந்தக் கேள்வி இப்போது இல்லை என்பதிலேயே அவர் நின்றுவிட்டார். பதினோரு மாதம் இழைத்து இழைத்து வைத்த அந்தச் சொல்லை இறக்கிவைக்க ஓர் இடம் இல்லை. போனை நெஞ்சோடு சேர்த்து அழுத்தி மூடிக்கொண்டார். டீச்சரின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், அந்தக் கேள்வியே இப்ப இல்லையாம். இந்தப் பதில நான் என்ன செய்ய?"

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"எங்க இருக்கியன்னு கேக்காக, அண்ணாச்சி. அதுக்குச் சொல்லுங்க."